இருநூற்றுப் பதினாலாம் நம்பர் மாதா

“ஆல்போன்சு என்ன, ஆகாசத்துலேர்ந்து ஆலங்கட்டியா விழுந்தாரா? அவரையும் ஒருத்தி வயித்துல சொமந்துதானடா பெத்தா? அவளுக்குப் பூசையில எடமில்லன்னு சொல்ல நீ யாரு?”

1977 நவம்பர் மூன்றாம் தேதி காலை, கோயில் வாசலில் நின்று சலோமி இப்படிக் கேட்டாள். கழற்றிப் போட்ட செருப்பு ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். கேட்கப்பட்டவர் உபதேசியார் மரியசூசை. நாற்பத்தைந்து வயது. ஊரில் பாதிப் பேருக்கு ஜெபம் சொல்லிக் கொடுத்தவர். சலோமிக்கு முன்னால் மட்டும் அவருடைய கைகள் தாமாகவே கட்டிக்கொண்டுவிடும்.

“எடமில்லன்னு சொல்லல பெரியம்மா. பேரு வேணும்னுதான் சொல்றேன். ‘ஆல்போன்சின் தாய், ஆல்போன்சின் தகப்பன்’னு வாசிச்சா சின்னப் பசங்க சிரிக்குதுங்க. பேரு தெரியாத ஆத்துமாக்களுக்குன்னு கடைசியில பொதுவா ஒரு ஜெபம் சொல்றோம்ல? அதுல அவங்களும் அடக்கம்.”

“உங்கப்பன அந்தப் பொதுவுல போட்டு வாசியேன், பாப்பம்.”

“எங்கப்பா பேருதான் தெரியுமே பெரியம்மா.”

அந்தப் பதிலில் நியாயம் இருந்தது. அதுதான் சலோமியைச் சுட்டது. செருப்பை மாட்டிக்கொண்டாள்.

“அடுத்த வருசம் பேரோட வர்றேன். அன்னிக்குத் தொண்ட கட்டிக்கிச்சுன்னு மட்டும் சொன்ன, அப்பறம் இருக்கு உனக்கு.”

முதல்நாள் கல்லறைத் திருநாள். அன்றைக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயர்களை ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். காலைப் பூசையில் உபதேசியார் அவற்றை ஒவ்வொன்றாக வாசிப்பார். சலோமி வீட்டுச் சீட்டில் கடைசி இரண்டு வரிகள் எப்போதும் அந்த இரண்டுதான். ஆல்போன்ஸ் அவளுடைய அப்பாவின் அப்பா. காரைக்காலில் வெள்ளைக்காரர் வீடுகளுக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்தவர். ரொட்டி ஆல்போன்ஸ் என்றால் தெரியாதவர் இல்லை. கன்னியர் மடத்தில் வளர்ந்தவர், அவருடைய தாய் தகப்பன் யாரென்று யாருக்கும் தெரியாது என்பதையும் தெரியாதவர் இல்லை. கடலோரத்தில் வளர்ந்த அந்த மனிதர் கடைசிவரை ஒரு கட்டுமரத்தில்கூடக் கால் வைத்ததில்லை. 1925-ல் அவர் சாகக் கிடந்தபோது சலோமிக்குப் பதினெட்டு வயது. வாய்க்குப் பால் ஊற்றியவள் அவள்தான். அவர் சொத்து பற்றி எதுவும் சொல்லவில்லை, சொத்தும் இல்லை. “சீட்டுல அந்த ரெண்டு வரிய மட்டும் உட்றாதீங்க” என்று சொன்னார். ஐம்பத்திரண்டு வருஷம் விடாமல் போன வரிகள் இந்த வருஷம் நின்றுவிட்டன.

சலோமி பள்ளிக்கூடத்தை மழைக்கு ஒதுங்கக்கூடப் பார்க்காதவள். பதினாறு வயதில் சூசைராஜைக் கட்டிக்கொண்டாள். அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோனுக்குப் போனார், வந்தார், மறுபடி போனார். வரும்போதெல்லாம் ஒரு கடிகாரம் வாங்கி வந்தார். நான்கு கடிகாரமும் நான்கு நேரம் காட்டும். “அவரு எங்க இருந்தாரோ அங்கத்து மணி” என்று சலோமி அவற்றைத் திருத்தவே விடமாட்டாள். 1961-ல் அவர் போய்ச் சேர்ந்த பிறகு விதவைப் பென்சன் வந்தது. ஒரே மகன் கஸ்தோன் பிரான்சில். வீட்டில் இப்போது இரண்டே பேர். சலோமியும், சூசைராஜின் தங்கை ரோசலியும். ரோசலி கல்யாணம் கட்டிக்கொள்ளாதவள், கன்னியர் பள்ளியில் பிரெஞ்சு படித்தவள், காப்பிக் கோப்பையைச் சுண்டுவிரல் நீட்டிப் பிடிக்கிறவள். அந்த விரலைப் பார்த்து, “அது என்ன காக்காய வெரட்டவா?” என்று சலோமி நாற்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

சண்டை நடந்த ஒன்பதாம் நாள் புயல் அடித்தது. அந்தப் புயலை டெல்டாவில் இருந்தவர்கள் யாரும் மறக்கவில்லை. சலோமி வீட்டில் பின்கட்டு ஓடு முழுவதும் பறந்துபோயிற்று. தகரப்பெட்டிக்குள் முழங்கை ஆழத்துக்குத் தண்ணீர். அந்தப் பெட்டியில்தான் குடும்பத்தின் எல்லாக் காகிதங்களும் இருந்தன. பிரெஞ்சுப் பிரஜையாக இருக்கிறவர்கள் வீட்டில் அரிசி இல்லாமல் இருந்தாலும் இருக்கும், காகிதம் இல்லாமல் இருக்காது. பிறந்த காகிதம், கட்டின காகிதம், செத்த காகிதம், பட்டாளக் காகிதம், உயிரோடுதான் இருக்கிறார் என்கிற காகிதம்.

வெயில் வந்ததும் இரண்டு பெண்களும் கூடத்தில் பாய் விரித்து ஈரக் காகிதங்களை ஒவ்வொன்றாகப் பரப்பினார்கள். பறக்காமல் இருக்க மூலைக்கு மூலை புளியங்கொட்டை வைத்தாள் சலோமி. எழுத்துத் தெரியாவிட்டாலும் ஒவ்வொரு காகிதத்தையும் அவளுக்குக் கறையை வைத்துத் தெரியும். எண்ணெய்க் கறை மாமனார் கல்யாணம். மூலையில் எலி கடித்தது கஸ்தோன் பிறந்தது. வைத்துக்கொண்டே வந்தவள் ஒரு இடத்தில் நின்றாள்.

“ரோசலி, இந்தக் குட்டி குட்டிக் காயிதமெல்லாம் எங்க தாத்தாவுதுதானே?”

“ஆமா அண்ணி. பொறப்புச் சான்று. பதினொண்ணு இருக்கு.”

“பதினொண்ணுலயும் என்ன போட்டிருக்கு?”

“எத்தன வாட்டி படிக்கறது அண்ணி? ஆல்போன்சு, ஆம்பளப் புள்ள, 1870, தாய் தகப்பன் தெரியாது. அவ்ளோதான்.”

“இந்தா, இது என் கல்யாணக் காயிதம். ஒரு மொழம் நீளம் இருக்கு. எங்கல்யாணத்துல என்ன பெருசா நடந்துடுச்சு? மழை பேஞ்சு பந்தி நனஞ்சுது. அதுக்கு ஒரு மொழம் எழுதியிருக்கான். ஒரு மனுசன் ஒலகத்துக்கு வந்ததுக்கு நாலே வரியா?”

ரோசலி இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “அது முழு நகல் அண்ணி. பென்சனுக்கு முழுசா கேட்டாங்க. இதெல்லாம் எக்ஸ்திரே. சுருக்கம். பிரஜைன்னு காட்டறதுக்கும் பட்டாளத்துல சேர்றதுக்கும் சுருக்கமே போதும்.”

“அப்ப முழுசு?”

“மேரியில பெரிய புஸ்தகத்துல இருக்கும்.”

நகராட்சி அலுவலகத்தை அந்த வீட்டில் இன்னும் மேரி என்றுதான் சொல்வார்கள்.

“அத யாரு பாத்தா?”

ரோசலி யோசித்தாள். ஆல்போன்சின் மகன் பார்க்கவில்லை. சூசைராஜ் பார்க்கவில்லை. தாய் வழிக் காகிதம் வேண்டுமென்று பிரான்சிலிருந்து இரண்டு முறை எழுதி வாங்கிக்கொண்ட கஸ்தோன் பார்க்கவில்லை. பதினோரு முறை பணம் கட்டி, பதினோரு முறையும் அந்த நாலு வரியையே வாங்கி வந்திருக்கிறார்கள்.

“யாரும் கேக்கல அண்ணி.”

“படிச்சவங்க!” என்றாள் சலோமி.

மேரியின் பழைய பதிவேடுகள் நீலகண்டன் என்பவர் பொறுப்பில் இருந்தன. கோவில்பத்திலிருந்து தினமும் சைக்கிளில் வருகிறவர், சாதுவான மனிதர். புயலில் அந்த அறைக்குள்ளும் தண்ணீர் புகுந்திருந்தது. அலமாரிகளை எல்லாம் காலி செய்து, மாடியில் காயவைத்துக்கொண்டிருந்தார். “எல்லாம் காஞ்சு அடுக்கின பெறகு வாங்கம்மா” என்றார். சலோமி எட்டாம் நாள் போனாள். காயவில்லை. மறுபடி போனாள். மேலிடத்து அனுமதி வேண்டும் என்றார். மூன்றாவது முறை வெறுங்கையோடு போகாமல், வஞ்சிரம் மீனைக் குழம்பு வைத்துத் தூக்கில் எடுத்துக்கொண்டு போனாள்.

நீலகண்டன் எழுந்தே நின்றுவிட்டார். “அம்மா, நாங்க சைவம்மா!”

“நெத்தியில பட்டை போட்டிருக்கறது நேத்துலேர்ந்தா? மொதல்லயே சொல்றதுக்கென்ன? ஒரு முழு மீனு போச்சு.”

மறுவாரம் அதிரசம் போயிற்று. அதற்கு மறுவாரம் அனுமதி வந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று நீலகண்டன் கடைசிவரை சாதித்தார்.

ஆனால் பதிவேடு பிரெஞ்சில் இருந்தது, நீலகண்டனுக்கு பிரெஞ்சு தெரியாது. ரோசலி வந்துதான் ஆக வேண்டும். ரோசலி மாட்டேன் என்றாள்.

“தோண்டுனா என்ன வரும்னு தெரியாது அண்ணி. கஸ்தோன் அங்க நல்ல வேலையில இருக்கான். நமக்குன்னு ஊருல ஒரு மரியாத இருக்கு. நாளைக்கு நாலு பேரு நாலு விதமா…”

“வர்றது வரட்டும். கழுதையே வந்தாலும் புல்லு வாங்கிப் போடறேன். நீ கண்ணாடிய எடு.”

1978 பிப்ரவரியில் ஒரு முற்பகல். நீளமான மேஜையில் அந்தப் புத்தகத்தை நீலகண்டன் இரண்டு கையாலும் திறந்து வைத்தார். ஓரமெல்லாம் அலை அலையாக நெளிந்திருந்தது. ரோசலி குனிந்து, முதலில் தனக்குள் படித்தாள்.

“வாய் உட்டுப் படி. எனக்குத்தான் படிக்கறே.”

ரோசலி தமிழாக்கிக்கொண்டே வாசித்தாள். 1870 ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி காலை ஒன்பது மணிக்கு, கூலி ஆட்களைக் கப்பல் ஏற்றும் டிப்போவின் காவல்காரன் ஒரு ஆண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்தான். குழந்தைக்கு இரண்டு வயதிருக்கலாம். உடம்பில் அம்மை இறங்கிய வடு இருக்கிறது. முந்தின நாள் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு பூர்போன் தீவுக்குக் கப்பல் புறப்பட்ட பிறகு குழந்தை டிப்போவில் தனியாக இருந்ததாகக் காவல்காரன் சொல்கிறான். தாய் தகப்பன் யாரென்று தனக்குத் தெரியாது என்கிறான். குழந்தை பெயர் சொல்லவில்லை. ஆல்போன்ஸ் என்று பெயரிட்டு, கன்னியர் மடத்தில் ஒப்படைத்தோம். குழந்தையின் மேல் துணி இல்லை. இடுப்பில் ஒரு கறுப்புக் கயிறும், அதில்…

ரோசலி நிறுத்தினாள்.

“அதுல?”

“அதுல ஒரு வட்டமான பித்தள வில்ல. இருநூத்திப் பதினாலுன்னு நம்பர் போட்டது.”

சலோமியின் கை தானாக மார்புக்குப் போயிற்று.

அந்த வில்லை அங்கேதான் தொங்கிக்கொண்டிருந்தது. ஆல்போன்சிடமிருந்து அவள் அப்பாவுக்கு வந்தது, அப்பாவிடமிருந்து அவளுக்கு. வீட்டில் அதற்கு மாதா பதக்கம் என்று பெயர். கறுத்து, வழவழத்துப் போயிருக்கும். உற்றுப் பார்த்தால் முக்காடு போட்ட மாதாவின் முகமும் பக்கத்தில் குழந்தையும் தெரியும் என்பார்கள். பிரசவ வலியில் சலோமி அதைப் பல்லில் கடித்திருக்கிறாள். கஸ்தோன் விமானம் ஏறும் முன் மூன்று முறை முத்தமிட்டான். ரோசலிகூடத் தன் கண் ஆபரேஷனுக்கு முதல்நாள் அதைக் கடன் வாங்கி இமையில் ஒற்றிக்கொண்டவள்.

வீட்டுக்கு வந்ததும் சலோமி கிணற்றடிக்குப் போனாள். கொஞ்சம் புளி, கொஞ்சம் சாம்பல். இத்தனை வருஷத்தில் பாத்திரம் பண்டம் எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்தவள் இதை மட்டும் தேய்த்ததில்லை. மாதாவைப் புளி போட்டுத் தேய்ப்பார்களா? கால் மணி நேரம் தேய்த்தாள். கறுப்பு போய் மஞ்சள் வந்தது. மாதாவின் முக்காடு இரண்டு என்ற எண் ஆயிற்று. முகம் ஒன்று ஆயிற்று. குழந்தை இருக்கிறது என்று நினைத்த இடத்தில் நாலு.

ரோசலி சிலுவை போட்டுக்கொண்டாள். “எத்தன வருசம் அண்ணி! கூலியாளு நம்பரையா முத்தினோம்?”

“முத்துனது வீணாவா போச்சு? புள்ள பொறந்துது, ஏரோப்ளேனு எறங்குச்சு, உனக்குக் கண்ணு தெரியுது. மாதா கோவிச்சுக்கல. நீ ஏன் கோவிச்சுக்கறே?” என்ற சலோமி திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாள். ஈரக் கையோடு கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு, இருமல் வருகிறவரை சிரித்தாள்.

மறுநாள் மேரியில் போய் நின்றாள்.

“நம்பர் போட்டிருக்கு. நம்பர் இருந்தா அதுக்கு ஆளு இருந்திருக்கணும். அப்பறம் எப்படி தெரியாதுன்னு எழுதுனான்?”

நீலகண்டன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். “பொறப்பு எழுதறது ஒரு ஆபீசும்மா. டிப்போ கணக்கு வேற ஆபீசு.”

“ரெண்டுக்கும் எவ்ளோ தூரம்?”

“நடுவுல ஒரு தெரு.”

“நூத்தியெட்டு வருசமா அந்தத் தெருவத் தாண்ட ஆளில்ல!”

“நான் தாண்டறேம்மா” என்றார் நீலகண்டன். பாவம், அவர் பிறப்பதற்கு எழுபது வருஷம் முன்னால் நடந்த காரியத்துக்கு அவர் தலைகுனிந்து நின்றார்.

டிப்போ புத்தகங்கள் எங்கே இருக்கின்றன என்று யாருக்கும் தெரியவில்லை. இருக்கின்றனவா என்றே தெரியவில்லை. பங்குனி போய், சித்திரை போய், ஆடியும் போயிற்று. சலோமி வாரா வாரம் பலகாரத்தோடு போய் வந்தாள். நீலகண்டனுக்குத் தொப்பை விழுந்துவிட்டதாக அவர் மனைவி குறை சொன்னாளாம். ரோசலி, “இதோட உட்ருங்க அண்ணி, இது தெரிஞ்சதே போதும்” என்றாள். கல்லறைத் திருநாளுக்கு இன்னும் எத்தனை வாரம் என்று கேட்டு, சலோமி விரல் மடக்கிக்கொண்டிருந்தாள். கோயிலுக்குப் போகும்போது மரியசூசையைப் பார்த்தால் பேச மாட்டாள். ஜெபமாலையைக் கொஞ்சம் சத்தமாக உருட்டுவாள், அவ்வளவுதான்.

செப்டம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை, பதினொரு மணி வெயிலில் நீலகண்டனின் சைக்கிள் வீட்டு வாசலில் வந்து நின்றது. புயலில் நனைந்து எந்த அலுவலகத்துக்குச் சொந்தம் என்று தெரியாமல் ஒரு கொட்டகையில் குவித்து வைத்திருந்த புத்தகங்களுக்குள் அது கிடைத்திருக்கிறது. தெரியாத மொழியை அவர் எழுத்து எழுத்தாகப் பார்த்து, கோலம் போடுகிற மாதிரி ஒரு தாளில் வரைந்து கொண்டுவந்திருந்தார்.

ரோசலி தாளை வாங்கினாள். சலோமி தரையில் உட்கார்ந்தாள். நின்றுகொண்டு கேட்க அவளுக்குத் தைரியம் இல்லை, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

“இருநூத்திப் பதினாலு. வீராசாமி. வயசு இருபத்தாறு. ஊரு சுரக்குடி.”

“சுரக்குடியா?” என்றாள் சலோமி. “திருநள்ளாறு போற வழியில இருக்கே, அந்தச் சுரக்குடியா? நான் என்னமோ காசி பக்கம் நெனச்சேன்.”

“இருநூத்திப் பதினஞ்சு. அவரு சம்சாரம் தைலம்மை. வயசு இருபது. கூட ஒரு ஆம்பளப் புள்ள, ரெண்டு வயசு. அம்மை கண்டிருக்கறதால டாக்டர் கப்பல்ல ஏத்தக் கூடாதுன்னு சொல்லிட்டாரு.”

கூடத்தில் நான்கு கடிகாரமும் நான்கு விதமாக அடித்துக்கொண்டிருந்தன.

“புள்ளைய உட்டுட்டுப் போவாங்களா அண்ணி?” என்று ரோசலி முணுமுணுத்தாள்.

நீலகண்டன்தான் பதில் சொன்னார். “போகாம இருக்க முடியாதும்மா. கைநாட்டு வெச்சுட்டா எறங்க உடமாட்டாங்க. அழுதாலும் புடிச்சு ஏத்திடுவாங்க.”

சலோமி தன் கட்டைவிரலைப் பார்த்தாள். மாதா மாதம் பென்சனுக்காக மையில் தோய்கிற விரல். “இன்னும் ஏதோ இருக்கே. கீழ ரெண்டு வரி இருக்கே ரோசலி, அத ஏன் உட்டுட்டே? உங்க பரம்பரைக்கே பாதியில நிறுத்தறது வழக்கமா?”

ரோசலி வாசித்தாள். “ஓரத்துல குறிப்பு எழுதியிருக்கு. ‘இருநூத்திப் பதினாலாம் ஆளு படகு ஏறும்போது தன் வில்லையத் தொலச்சுட்டதாச் சொல்றான். வேற வில்ல குடுக்கப்பட்டது. அதுக்கு ரெண்டு பணம் கூலியில புடிக்கணும்.’”

எட்டுப் பணம் ஒரு ரூபாய் என்று அந்தக் காலத்து பிரெஞ்சுக் கணக்கு.

சலோமி வில்லையைக் கையில் எடுத்து, அது புதிதாகப் பளபளப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தொலைக்கல,” என்றாள். “புள்ள இடுப்புல கட்டிட்டுப் போயிருக்கான். தேடி வந்து எடுத்துக்கலாம், இல்லன்னா யாராவது பாத்து அனுப்பி வெப்பாங்கன்னு.”

“பொய் சொல்லியிருக்காரு” என்றாள் ரோசலி. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“சொன்னான்ல? அதான் எங்க பூட்டன். கேட்டவன் வாய அடைக்கற மாதிரி சொல்லியிருக்கான் பாரு.” சலோமி முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். “நீ என்னடி அழுவறே? உனக்கு அவரு ஒறவுகூட இல்ல. கூலிக்காரன்னு தெரிஞ்சா மானம் போயிடும்னியே, போய் நாலு பேருகிட்டச் சொல்லிட்டு வா.”

ரோசலி சொல்லப் போகவில்லை. உள்ளே போய் நீலகண்டனுக்குக் காப்பி கலந்து, வீட்டிலிருந்த பூப்போட்ட பிரெஞ்சுக் கோப்பையில் கொண்டுவந்து வைத்தாள். அந்தக் கோப்பை அதுவரை பாதிரியாருக்கு மட்டுமே வெளியே வந்தது.

பூர்போனுக்கு எழுதிக் கேட்டால் அவர்கள் அங்கே என்ன ஆனார்கள் என்று தெரியும், எழுதட்டுமா என்றார் நீலகண்டன். சலோமி வேண்டாம் என்றுவிட்டாள். “கேட்டா செத்த தேதியத்தான் எழுதுவான். செத்துட்டாங்கன்னு எனக்கே தெரியும். பேருதான் இல்ல. பேரு கெடச்சுது.”

ஒரே ஒரு தடவை பஸ் ஏறி சுரக்குடி போய் வந்தாள். நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். வரப்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, யாரையும் விசாரிக்காமல் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டாள். ஏன் விசாரிக்கவில்லை என்று ரோசலி கேட்டதற்கு, “சொந்தம்னு போயி நின்னா பங்கு கேக்க வந்துட்டாளோன்னு பயந்துடுவானுவ. நடவு நல்லா நடக்குது, பாத்துட்டு வந்தேன்” என்றாள்.

அக்டோபர் கடைசியில் சீட்டைக் கொண்டுபோய் மரியசூசை கையில் கொடுத்தாள். அவர் கடைசி இரண்டு வரியைப் படித்தார். முகம் கோணிற்று.

“பெரியம்மா… வீராசாமி, தைலம்மைன்னு போட்டிருக்கீங்க.”

“எழுத்து புரியுதுல்ல?”

“புரியுது. ஆனா இவங்க ஞானஸ்நானம் வாங்குனவங்க இல்லியே. கல்லறைத் திருநாள் பூசையில எப்படி…”

“போன வருசம் பேரு கேட்டே. ஒரு வருசம் அலஞ்சு, ஆபீசுல ஒருத்தனுக்குத் தொப்ப போட வெச்சு, பேரு கொண்டாந்தேன். இப்ப ஞானஸ்நானம் கேக்கறே. அடுத்த வருசம் ரேசன் கார்டு கேப்பியா?”

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து பங்குச் சாமியார் வந்தார். வயதானவர், காது கொஞ்சம் மந்தம். அதனால் சலோமி எல்லாவற்றையும் முதலிலிருந்து உரக்கச் சொன்னாள். காவல்காரன், அம்மை, தெரு, புளி, இரண்டு பணம். பீடத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். சாமியார் வில்லையை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மரியசூசை,” என்றார், “இந்த அம்மா ஐம்பது வருசமா இந்த ரெண்டு பேருக்காகக் கடவுள்கிட்ட வேண்டிக்கிட்டு இருக்காங்க. அப்ப ஞானஸ்நானம் உண்டா இல்லியான்னு நாம கேக்கல. பேரு தெரிஞ்சதும் கேக்கறது நல்லா இல்ல. வாசிங்க. யாரும் கேட்டா என்கிட்ட அனுப்புங்க.”

நவம்பர் இரண்டாம் தேதி, காலைப் பூசை. சலோமி முதல் வரிசையில் மரியசூசைக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். பக்கத்தில் ரோசலி. கடைசி வரிசையில், சிலுவை போடத் தெரியாமல், கைகூப்பியபடி நீலகண்டன். வீடு வீடாகப் பெயர்கள் போய்க்கொண்டிருந்தன. சலோமி வீட்டுச் சீட்டு வந்தது. சூசைராஜ். அவள் அப்பா. அம்மா. ரொட்டி ஆல்போன்ஸ். மரியசூசை ஒரு கணம் நிறுத்தி மூச்சு எடுத்தார்.

“சுரக்குடி வீராசாமி. சுரக்குடி தைலம்மை.”

எந்தப் பையனும் சிரிக்கவில்லை. மரியசூசை அந்த இரண்டு பெயரையும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் உரக்கவே வாசித்தார் என்று பிறகு ரோசலி சொன்னாள். பூசை முடிந்து வெளியே வரும்போது சலோமி அவரைப் பார்த்து, “தொண்ட நல்லாத்தான்டா இருக்கு உனக்கு” என்றாள். அவளிடமிருந்து அவர் கேட்ட ஒரே பாராட்டு அதுதான். அதை அவர் 1986-ல் அவளுடைய அடக்கத்தின்போது எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வருஷச் சீட்டில் சலோமியின் பெயரை வாசித்ததும் அவர்தான்.

அன்று சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே கல்லறைக்குப் போனார்கள். ஆல்போன்சின் குழிமேட்டைக் கழுவி, சாமந்திப் பூ போட்டாயிற்று. மற்ற வருஷங்களில் பெயர் தெரியாத அந்த இருவருக்கும் சேர்த்து ஒரு சின்ன மெழுகுவத்தி, பொதுச் சிலுவையடியில். இந்த வருஷம் சலோமி வாசலுக்குத் திரும்பிப் போய், வத்தி விற்கிற பெண்ணிடம் கடையிலேயே பெரிதாக இருந்த இரண்டைக் காட்டினாள்.

“ஜோடி அஞ்சு ரூவா ஆயா.”

“அஞ்சா? ரெண்டு பணத்துக்கு ஒரு புள்ளையையே காப்பாத்த நெனச்ச குடும்பம்டி எங்க குடும்பம். பாத்துச் சொல்லு.”

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் நாலுக்கு இறங்கி வந்தாள். சலோமி இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்தாள். ஒரு வத்தியை ஆல்போன்சின் தலைமாட்டில் வலப்பக்கம் நட்டாள், மற்றதை இடப்பக்கம். பிள்ளை நடுவில். காற்றுக்குக் கை மறைத்து இரண்டையும் ஏற்றினாள்.

“அண்ணி, கடைசியா எவ்ளோதான் குடுத்தீங்க?” என்றாள் ரோசலி.

“மூணே முக்கா. ரெண்டு பணம் நான் புடிச்சுக்கிட்டேன்.”